மகப்பேற்றுப் பேணுதல்: நம் நாட்டில் அது வளர்ந்த வரலாறு

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியுள்ள இறைவனுக்குத் தாயுமானவர் என்பது திருப்பெயர். அப்பெயர் வந்த காரணத்தை நம்மில் அறியாதார் இலர். வணிகர் குலத்துப் பெண்ணாகிய இரத்தினாவதி நிறைசூலியாய் இருந்தாள். பேறுகாலத்தில் உடனிருக்க வேண்டிய அவள் தாய், காவிரியில் வெள்ளம் பெருகியமையால் அக்கரையிலேயே தங்கிவிட நேர்ந்தது. இறைவனே அத்தாயின் வடிவில் வந்து மருத்துவம் பார்த்தான் என்பது தலபுராணம். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது, வீட்டில் இரண்டு தாய்மாரைக் கண்டு மகள் திகைத்தாள் என்று கதையை முடிப்பர் நம் பெரியோர். பிழைப்பு நாடிக் காவிரியையும் கிருஷ்ணையையும் கடந்து இந்தக் கல்யாண் காலனியில் குடியமர்ந்த நம்போன்றோர்க்கு இக்கதை கூடுதலாக உறைக்கும். நம் வீட்டுப் பெண்களுக்கும் தாய் அக்கரையில்தான் இருக்கிறாள். இடையில் கிடப்பது ஆறன்று. ஓர் இரவும் ஒரு பகலும் ஓடும் இரயில் பாதை.

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் வீடுகளில் சொல்லுவது வழக்கம். சொல்லும்போது நாம் அதை ஓர் அலங்காரச் சொல்லாகவே கொள்கிறோம். ஆனால் அச்சொல் பிறந்த காலத்தில் அஃது அலங்காரமன்று. கண்ணாற் கண்ட கணக்கு. அந்தக் கணக்கு எவ்வாறு மெல்ல மெல்ல மாறிற்று, யார் யார் அதற்குத் தோள் கொடுத்தனர், இன்னும் எது மாறவில்லை என்பவற்றை இவ்வாண்டு மலரில் எழுதவேண்டும் என்பது நம் நெடுநாளைய விருப்பம். நாம் மருத்துவர் அல்லர். படித்தும் கேட்டும் அறிந்தவற்றை முறைப்படுத்தித் தருகிறோம்.

பண்டைய நம் மருத்துவர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். சுசுருதரின் நூலில், கருவுற்றவளுக்கு மாதந்தோறும் எவ்வகை உணவு தரவேண்டும் என்று வகுத்துக் கூறும் பகுதி உண்டு. சரகர் நூலில் ஈற்றறை எப்படி அமைய வேண்டும், அதில் என்னென்ன பொருள்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் நூலில் இருந்தது வேறு, வீட்டில் நடந்தது வேறு. நாடெங்கும் பிரசவம் என்பது தீட்டு என்றாயிற்று. வீட்டின் இருண்ட மூலை, கிழிந்த பாய், பழந்துணி, காற்றுப் புகாத கதவு ஆகியவையே ஈற்றறை. தொப்புட்கொடியை அறுப்பதற்கு அரிவாளோ மூங்கிற் சிம்போ பயன்பட்டது. அறுத்த இடத்தில் சாம்பலும் சாணமும் அப்பினர். பிறந்த ஐந்தாறு நாளில் குழந்தை பால் குடியாமல் தாடை இறுகி வில்லாய் வளைந்து இறந்தால், அதனைப் பேய் பிடித்தது என்றனர். அது தனுர்வாதம் என்னும் நோய். கொடியை அறுத்த கருவி வழியே வந்தது. மருத்துவச்சியை நாம் இங்கே பழிக்க வரவில்லை. கூப்பிட்ட நேரத்தில் வந்து, கிடைத்த நாழி அரிசியை வாங்கிக்கொண்டு, நாலு தலைமுறையைக் கையில் ஏந்திய அம்மூதாட்டியர்க்குச் சொல்லிக் கொடுப்பார் எவரும் இல்லை என்பதே குறை.

சென்னையில் 1844-ஆம் ஆண்டில் எழும்பூரில், கூவம் ஆற்றங்கரையில், பிரசவத்திற்கென்றே தனி ஆஸ்பத்திரி ஒன்று தோன்றியது. இம்மாதிரி மருத்துவமனைகளில் நம் நாட்டில் இதுவே முன்னோடி. 1882-இல் இன்றுள்ள பாந்தியன் சாலை இடத்திற்கு மாறியது. எழும்பூர் நிலையத்தில் இறங்கும் நம் பெண்டிர் பலர் அதன் மதிற்சுவரைக் கண்டிருப்பர். ஆனால் தொடக்கத்தில் குலப்பெண்கள் என்று தம்மைக் கருதிக்கொண்டோர் அங்கே செல்ல நாணினர். ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதினும் உயிர் போவதே மேல் என்று இருந்த காலம் அது.

மக்கள் மொழியில் சொன்னாலன்றி மக்களுக்குப் புரியாது என்று உணர்ந்தோரும் அக்காலத்தில் சிலர் இருந்தனர். எட்வர்டு பால்பர் என்னும் சென்னைப் படை மருத்துவர், கான்குவெஸ்ட் என்பார் எழுதிய பிரசவ வைத்திய நூலைத் தாமே இந்துஸ்தானியில் பெயர்த்தார். அதனைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பெயர்ப்பித்துத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவமனை நடத்திய அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிரீன், பிரசவ வைத்தியம் உள்ளிட்ட மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தம் மாணவர்க்குத் தமிழிலேயே பாடஞ் சொன்னார். அவை வெளிவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. தமிழில் மருத்துவம் சொல்ல முடியுமா என்று இன்றும் ஐயுறுவோர் இச்செய்தியை நினைவிற்கொள்க.

பால்பர் செய்த மற்றொரு நற்செயல், பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் சேரக் கதவைத் திறந்துவிட்டது. வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்னும் அம்மையார், பிரசவத்தில் நம் பெண்கள் படும் துன்பத்தைக் கேட்டு மனம் பொறாது, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடன் சேர்ந்தோர் மூவர். பின்னர் இலண்டன் சென்று பட்டம் பெற்றுத் திரும்பி, 1885-இல் பெண்களுக்கென்று, பெண் மருத்துவரையே கொண்டு நடத்தும் மருத்துவமனை ஒன்றைச் சென்னையில் நிறுவினார். கோஷா ஆஸ்பத்திரி என்று நம் பாட்டியர் சொன்னது அதுவே. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குகிறது. இதன் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் மீண்டும் வரும்.

அதே காலத்தில் வட நாட்டிலும் ஓர் அசைவு ஏற்பட்டது. பன்னா சமஸ்தானத்து மகாராணி, தமக்குச் சிகிச்சை செய்த பீல்பி என்னும் அம்மையாரிடம், நம் நாட்டுப் பெண்கள் நோயுற்றால் படும் பாட்டை விக்டோரியா அரசியாரிடம் நேரில் சொல்லும்படி 1881-இல் செய்தி அனுப்பினார். அதன் பயனாகவே டப்ரின் சீமாட்டியின் பெயரால் 1885-இல் பெண்கள் மருத்துவ உதவி நிதி தோன்றியது. ஊர்தோறும் டப்ரின் ஆஸ்பத்திரி என்று நாம் காண்பவை அவ்வழி வந்தவை. 1886-இல் பம்பாயில் காமா மருத்துவமனை பெண்களுக்கென்றே திறக்கப்பட்டது. 1903-இல் கர்சன் சீமாட்டி, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தருவதற்கென்றே வேறொரு நிதியைத் தொடங்கினார்.

இவ்விடத்தில் நம் கல்யாணுக்கே உரிய ஒருவரைச் சொல்லாமல் விடலாகாது. ஆனந்திபாய் ஜோஷி இவ்வூரில் வளர்ந்தவர். ஒன்பதாம் வயதில் அவரை மணந்த கோபாலராவ் அஞ்சல் அலுவலகத்தில் எழுத்தர், நம் இனத்தவர் என்றே சொல்லலாம். பதினான்காம் வயதில் ஆனந்திபாய் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். தக்க மருத்துவம் இன்றிப் பத்தே நாளில் அக்குழந்தை மாண்டது. அந்தப் பத்து நாள்தான் அவரை அமெரிக்கா வரை அனுப்பியது. 1886-இல் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றபோது அவர் எழுதிய ஆய்வுரையின் பொருள், இந்து மக்களிடையே வழங்கிய பிரசவ மருத்துவம். திரும்பி வந்து பணி ஏற்குமுன்பே, 1887-இல், காசநோயால் மறைந்தார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தினமும் இந்த நிலையத்தில் ஏறி இறங்கும் நம்மில் எத்தனை பேர் அவரை நினைக்கிறோம்?

தமிழ்நாட்டில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையும் இத்தகையதே. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம் பெண்கள் பிரசவ வேதனையில் கிடந்தனர்; ஆண் மருத்துவரான அவர் தந்தையை அழைக்க அவ்வீட்டார் மறுத்தனர்; விடிவதற்குள் மூவரும் இறந்தனர். அவ்விரவே தம்மை மருத்துவராக்கியது என்று அவர் பிற்காலத்தில் சொல்லிவந்தார். வேலூரில் 1918-இல் அவர் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியே இன்று நாடறிந்த கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது.

நிற்க. இதுகாறும் சொன்னவை யாவும் பிரசவம் நிகழும் அந்த ஓர் இரவைப் பற்றியன. வலி எடுத்தபின் யாரை அழைப்பது என்பதே கேள்வியாக இருந்தது. அதற்கு முந்திய ஒன்பது மாதங்களை எவரும் மருத்துவத்திற்குரிய காலமாகக் கருதவில்லை. கருவுற்றவள் நோயாளி அல்லளே, அவளை ஏன் மருத்துவர் பார்க்கவேண்டும் என்பது மேல்நாட்டிலும் இருந்த எண்ணந்தான். எடின்பரோ நகரத்து மருத்துவர் பாலண்டைன், பேறுகாலத்திற்கு முன்பே கர்ப்பிணிகளைச் சேர்த்துப் பார்க்கத் தனியிடம் வேண்டும் என்று 1901-இல் எழுதினார். இரத்தக் கொதிப்பை அளக்கக் கையிற் கட்டும் பட்டையை இத்தாலிய மருத்துவர் ரிவா-ராக்கி 1896-இல் அமைத்துக் கொடுத்திருந்தார். அவ்விரண்டும் சேர்ந்தபோதுதான் புதிய வழி பிறந்தது. கால் வீங்கி, தலை வலித்து, கண் மங்கி, பின்பு வலிப்பு வந்து தாயும் சேயும் மடியும் அந்தக் கொடிய நோய், வலிப்புக்குப் பல நாள் முன்னரே இரத்தக் கொதிப்பில் தெரிகிறது என்பதை அறிந்தனர். 1929-இல் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சு, கர்ப்பிணியை எந்தெந்த வாரத்தில் பார்க்கவேண்டும் என்று ஓர் அட்டவணை வகுத்தது. பதினாறாம் வாரத்தில் தொடங்கி, இருபத்துநான்கு, இருபத்தெட்டு, அதன்பின் இரு வாரத்திற்கு ஒருமுறை, முப்பத்தாறுக்குமேல் வாரம் ஒருமுறை என்பது அதன் திட்டம். இன்றும் நம் மருத்துவமனைகள் தரும் தேதிகளில் அவ்வட்டவணையின் சாயலைக் காணலாம்.

இனி, நம் வீட்டுப் பெண்கள் வாங்கி வந்து அலமாரியில் போட்டு வைக்கும் சத்து மாத்திரையின் கதைக்கு வருவோம். இதனைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் அது பிறந்த இடம் இந்தப் பம்பாய். அதை வளர்த்த இடங்களில் இரண்டு நம் தமிழகத்தில் உள்ளவை.

1928-இல் பம்பாய்க்கு லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் வந்தார். பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகள் பலர் ஒருவகைக் கொடிய இரத்தசோகையால் வெளுத்து, மூச்சிரைத்து, பிரசவத்திற்கு முன்னரோ பின்னரோ இறந்துகொண்டிருந்தனர். அதன் காரணத்தைக் கண்டறியும்படி மார்கரெட் பால்பர் என்னும் மருத்துவ அம்மையார் அவரை அழைத்திருந்தார். பரேலில் உள்ள ஹாப்கின் ஆய்வுக்கூடத்தில் வில்ஸ் பணியைத் தொடங்கினார். முதலில் கிருமி எதனையேனும் தேடினார், கிடைக்கவில்லை. பின்பு அப்பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டறிந்தார். கீரையும் பழமும் பாலும் காணாத வீடுகளிலேயே நோய் மிகுந்திருப்பதைக் கண்டார். 1929-இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் ஆராய்ந்தார். எலிகளுக்கும் குரங்குகளுக்கும் அதே உணவைக் கொடுத்துப் பார்த்தார். ஈற்றில், ரொட்டியில் தடவி உண்ணும் மார்மைட் என்னும் ஈஸ்டுச் சாறு இந்நோயைத் தீர்க்கிறது என்று கண்டு 1931-இல் வெளியிட்டார். அவ்வாண்டில் அவர் பணி செய்த இடங்களுள் ஒன்றுதான் நாம் முன்னர்ச் சொன்ன சென்னைக் கோஷா ஆஸ்பத்திரி.

சாற்றில் நோய் தீர்க்கும் அப்பொருள் யாது என்பது அவருக்கும் தெரியவில்லை. வில்ஸ் கண்ட பொருள் என்றே பல ஆண்டுகள் வழங்கினர். 1941-இல் அமெரிக்காவில் பசலைக் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். அடுத்து, அதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்ட வேண்டும். 1945-இல் அதனைச் செய்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பழைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, கதர் உடுத்தியதால் ஆங்கில ஆசிரியரின் வெறுப்புக்கு ஆளாகிச் சிறிய பட்டத்துடன் வெளியேறி, 1923-இல் அமெரிக்கா சென்றவர். பம்பாய் ஆலைத் தொழிலாளியின் மனைவியில் தொடங்கிய தேடல், குன்னூர் மலை ஏறி, திருவல்லிக்கேணி வந்து, கடல் கடந்து, ஒரு சென்னை மாணவரின் கையில் மாத்திரையாக முடிந்தது. கருவுறுவதற்கு முன்பிருந்தே இம்மாத்திரையை உண்டால் குழந்தையின் முதுகுத் தண்டில் நேரும் குறையின் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்பதும் 1991-இல் உறுதியாயிற்று. இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்கு இலவசமாக வழங்கும் திட்டத்தை நம் அரசு 1970-இல் தொடங்கியது. இவ்வளவு பெருமையுள்ள மாத்திரைக்கு நம் வீடுகளில் கிடைத்த பட்டம் யாதெனில், 'குழந்தையைக் கறுக்கவைக்கும் மாத்திரை' என்பதாகும். உண்டால் மலம் கறுக்கும், குழந்தை கறுக்காது. கறுத்தால்தான் என்ன என்று கேட்கவும் ஆளில்லை.

மருந்தோடு ஓய்வும் வேண்டுமன்றோ? ஆலையில் நின்றுகொண்டே பிள்ளை பெற்ற பெண்களைப் பற்றி 1924-இல் மத்திய சட்டசபையில் என். எம். ஜோஷி ஒரு மசோதா கொண்டுவந்தார், தோற்றது. 1928-இல் பம்பாய்ச் சட்டசபையில் அத்தகைய மசோதா வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். 1929-இல் பம்பாயில் பேறுகாலப் பலன் சட்டம் நிறைவேறியது, சென்னையில் 1934-இல். நாடு முழுமைக்குமான சட்டம் 1961-இல் வந்தது. அதில் பன்னிரண்டு வாரமாக இருந்த விடுப்பு 2017-இல் இருபத்தாறு வாரமாயிற்று.

சுதந்திரத்திற்கு முந்திய ஆண்டில் நம் நிலை என்ன என்பதை ஓர் அறிக்கை நமக்குக் காட்டுகிறது. சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946-இல் அதனை அளித்தது. இந்தப் போர் என்பவர் அதற்கு முன் வைசிராயின் நிர்வாக சபையில் இரயில்வே இலாகாவை வகித்தவர் என்பதை நம் அலுவலக நண்பர்கள் கேட்டு மகிழலாம். ஆண்டுதோறும் சுமார் 2,00,000 பெண்கள் கருவுற்ற காலத்திலோ பிரசவத்திலோ இறக்கின்றனர் என்று அவ்வறிக்கை கணக்கிட்டது. ஆயிரம் பிரசவத்திற்கு இருபது தாய்மார். முழு நாட்டிற்கும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் ஏறத்தாழ 5,000 பேர். மறுபிறப்பு என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கும்.

அக்குழுவில் உறுப்பினராய் இருந்தவர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். எழும்பூர் மருத்துவமனைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவரே. அவர் எழுதிய பிரசவ மருத்துவப் பாடநூலைப் படியாத மருத்துவ மாணவர் நாட்டில் இலர். பின்னர் அந்நூலில் அவரோடு சேர்ந்த எம். கே. கிருஷ்ண மேனன், பிரசவ வலிப்புக்கு அந்த எழும்பூரிலேயே ஒரு சிகிச்சை முறையை வகுத்து 1961-இல் வெளியிட, அது நாடெங்கும் பல்லாண்டு கையாளப்பட்டது. இப்போது அதற்கு மக்னீசியம் சல்பேட் ஊசி சிறந்ததெனக் கண்டு அதனையே போடுகின்றனர். எழும்பூர் ஆஸ்பத்திரியில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாக இருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987-இல் தமிழக அரசு பேறுகால நிதியுதவித் திட்டம் தொடங்கியதையும் இத்துடன் சேர்த்து எண்ணலாம்.

பின்வந்த செய்திகளை விரைந்தே சொல்லிவிடலாம். 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றின. தனுர்வாத ஊசி கர்ப்பிணிகளுக்குப் போடப்பட்டது. 2015-இல் தாய் சேய் தனுர்வாதம் நம் நாட்டில் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் உறுதி கூறியது. 2005-இல் ஜனனி சுரட்சா திட்டம் வந்தது. ஆஷா என்னும் சுகாதாரத் தொண்டர்கள் தெருத்தெருவாய் நடந்தனர். 1992-93-இல் நூற்றுக்கு 26 பிரசவங்களே மருத்துவ நிலையங்களில் நடந்தன. 2019-21-இல் அது 88.6 ஆயிற்று. இலட்சம் பிரசவத்திற்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் இறந்த நாட்டில் 2018-20-இல் அவ்வெண்ணிக்கை 97. தமிழ்நாட்டில் 54, மகாராஷ்டிரத்தில் 33, கேரளத்தில் 19. அஸ்ஸாமில் அப்போதும் 195 என்பதையும் மறைத்தலாகாது.

ஆயினும் அதே 2019-21 கணக்கெடுப்பு வேறொன்றும் சொல்கிறது. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தசோகை. முதல் மூன்று மாதத்திற்குள் மருத்துவரிடம் சென்றவர் நூற்றுக்கு 70. சத்து மாத்திரையை நூறு நாளேனும் உண்டவர் 44; நூற்றெண்பது நாள் உண்டவர் 26. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று அறிந்துவிட்டோம். ஆனால் அந்த ஓர் இரவுக்குத்தான் போகிறோம். பாலண்டைன் 1901-இல் கேட்ட ஒன்பது மாதங்களை நாம் இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை.

நம் காலனிக்கு இதில் ஒரு தனிக் குறை உண்டு. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு, மறுவாரம் இரயில். இங்கே பெயர் பதிந்த இடத்தில் ஆளில்லை. ஊரில் ஆளிருக்கும் இடத்தில் பெயரில்லை. மிகக் கவனமாகப் பார்க்கவேண்டிய கடைசி மூன்று மாதங்கள் இரண்டு ஊர்களுக்கும் நடுவே எவர் கணக்கிலும் சேராமல் போய்விடுகின்றன. முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்து இப்பயணச்சீட்டுகளை நம் கையாலேயே கொடுத்திருக்கிறோம். தனியே செல்லும் கர்ப்பிணிக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு, மருத்துவச் சான்றைக் காட்டிப் பெறலாம் என்பதுகூடப் பலருக்குத் தெரிவதில்லை. நாம் சொன்னால் வியக்கிறார்கள்.

ஊரார் குறையைச் சொல்லும்போது எம் குறையை மறைப்பது முறையன்று. 2008-இல் எம் துணைவியாரை முதற்பேற்றுக்கு ஊருக்கு அனுப்பினோம். இங்கே எடுத்த சோதனைகள் எழுதிய அட்டை எம் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. பார்சல் ஒன்றை ரசீது இன்றி வண்டியில் ஏற்ற ஒப்பாத நாம், மனைவியையும் வயிற்றுப் பிள்ளையையும் ஒரு துண்டுக் காகிதமும் இன்றி ஏற்றிவிட்டோம். ஊரில் எவரிடமும் மீண்டும் காட்டவில்லை. கால் வீங்கியபோது, நீர் இறங்குகிறது, ஆண் குழந்தைக்கு அறிகுறி என்றனர் பெரியோர். தலைவலிக்குச் சுக்குப் பற்றுப் போட்டனர். ஒன்பதாம் மாதம் ஓர் அதிகாலையில் வலிப்பு வந்தது. நாம் சென்று சேர்வதற்கு இரண்டு நாள் ஆயிற்று. தாய் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை; ஆண் குழந்தைதான். அவர் அன்னையார், 'தம்பி, நாங்க பத்துப் பெத்தோம், யார் கொதிப்புப் பார்த்தாங்க' என்று கேட்டு அழுதார். அப்பத்தில் எத்தனை தங்கின என்று நாம் திருப்பிக் கேட்கவில்லை. அவர்களை நோவதில் பயனில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் நாம்.

2011-இல் இரண்டாம் முறை கருவுற்றபோது இரண்டாம் மாதத்திலேயே பெயர் பதிந்தோம். மாத்திரையை இரவு உணவுக்குப்பின் எம் எதிரிலேயே விழுங்கச் செய்தோம். முதற்பேற்றில் வலிப்பு வந்தவர் என்பதைப் பார்த்த மருத்துவர் ஒவ்வொருவரிடமும் சொன்னோம். எட்டாம் மாதம் ஊருக்குப் போகும்போது அட்டையைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, பயணச்சீட்டுடன் சேர்த்து அவர் கைப்பையில் வைத்தோம். உடன் நாமும் சென்று, மறுநாளே ஊர்த் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அட்டை முழுதும் மராத்தியில் அச்சிட்டிருந்தது. அந்த அம்மையார் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

'எழுத்து ஒண்ணும் புரியலை சார். ஆனா இந்த நம்பரெல்லாம் புரியுது' என்று சொல்லி, விரலை வைத்து ஒவ்வொன்றாய்ப் படித்தார். எடை 52. கொதிப்பு 110-க்கு 70. இரத்தம் 10.4. பிறகு தம் பதிவேட்டை எடுத்து, புதிய வரியில் எம் துணைவியாரின் பெயரை எழுதி, அதன் கீழே அன்றைய கொதிப்பை அளக்கப் பட்டையைக் கையிற் கட்டினார். அந்தக் குழந்தை இவ்வாண்டு விழாவில் வரவேற்புப் பாடல் பாடும் சிறுமியருள் ஒருத்தி.